இடப்பக்கத்துப் பியானோ

நவம்பர் மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது
என் இடது காது கடையைச் சாத்திவிட்டது.
அறிவிப்புப் பலகைகூட மாட்டவில்லை.
"ஏதாவது வைரஸாக இருக்கலாம்" என்றார் டாக்டர்,
இருக்கலாமை மட்டும் கொஞ்சம் அழுத்தி.
உள்ளே இப்போது ஓர் ஊங்காரம் குடியிருக்கிறது,
வாடகை தருவதில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு இசைத்தட்டாக எடுத்துப் பார்க்கிறேன்,
வெள்ளம் வடிந்த வீட்டில்
எது நனையவில்லை என்று தேடுகிறவளைப் போல.

எப்போதும் ஹெட்ஃபோன்தான்.
கீழ்வீட்டு ஓஸ்மோவுக்குப் பேக்கரியில் இரவு வேலை.
படகுத்துறையில் ஸ்டாக்ஹோம் டிக்கெட் விற்றுவிட்டு
நான் வீடு திரும்பும் நேரம்
அவன் தூக்கத்தின் நட்டநடு.
ஜனவரித் துர்க்குவில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.
ஔரா ஆறு உறைந்து கிடக்கிறது.
யார் எப்போது தூங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் ஜாஸ்.
மூன்று பேர், பழைய ஸ்டீரியோ.
பியானோவை இடது மூலைக்குத் தள்ளி
பாஸையும் டிரம்ஸையும் வலப்பக்கம் நிறுத்திய காலத்துப் பதிவு.
ஊசி இறங்கியது. பியானோ வரவில்லை.
பாஸ் நடக்கிறது, நிற்கிறது,
யாருக்கோ வழிவிடுகிறது.
யாரும் கடந்து போகவில்லை.
டிரம்மர் பிரஷ்ஷால் தடவித் தடவி
இல்லாத ஒருவரின் பேச்சுக்கு
"ம்" கொட்டிக்கொண்டிருக்கிறார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு வேறு ஏதோ வந்தது.

ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினேன்.
இப்போது பியானோ மட்டும்.
இருபத்தாறு வருடமாய் என்னிடம் இருக்கும் தட்டு இது.
அந்த மனிதர் வாசிக்கும்போது முனகுகிறார்,
அதுவும் சுருதி சேராமல்.
எனக்குத் தெரியவே தெரியாது.
இரண்டாம் பக்கத்தில் ஒருமுறை
நாற்காலி கிரீச்சிட்டது.

ராக் வேறு மாதிரி அடித்தது.
அண்ணன் தம்பி, இரண்டு கித்தார்,
ஆளுக்கொரு காது.
பதினேழு வயதில் அண்ணனை மட்டும்
சுவரில் ஒட்டி வைத்திருந்தவள் நான்.
தனித்தனியாகக் கேட்டால்
அண்ணன் வாணம் விடுகிறான், அவ்வளவுதான்.
தம்பி அதே மூன்று சுரத்தை
நாலு நிமிஷம் ஐம்பது வினாடி
கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறான்,
வாணம் விடுகிறவனுக்குத் தரை வேண்டுமே என்று.
மன்னித்துக்கொள் தம்பி.
உன் பெயரை அட்டையில் தேடித்தான் படித்தேன்.

அந்த நால்வர் தந்திக் கச்சேரி மட்டும் கைவிடவில்லை.
ஏதோ தேவாலயத்தில்
இரண்டே மைக் வைத்துப் பிடித்தது.
கல்சுவர் யாரையும் முழுசாக
ஒருபக்கம் ஒதுக்குவதில்லை.
இடது வயலின் தூண்களைச் சுற்றிக்கொண்டு
சற்றுத் தாமதமாக, சற்றுக் குளிர்ந்து
வலது காதுக்கு வந்து சேர்ந்தது.
மெதுவான பகுதியை மூன்று தடவை கேட்டேன்.
காப்பி ஆறிப்போனது.

நேற்று ஓஸ்மோ மேலே வந்தான்.
இரண்டு காலுறையும் இரண்டு நிறம்,
கையில் ஏலக்காய் பன்.
"தெல்லெர்வோ, உடம்பு சரியில்லையா?
நீ காலால் தாளம் போடுவாயே,
இரண்டு மாசமாய்க் காணோம்.
அதில்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை."

ஆறு வருடமாய் அவன் கேட்டது
என் குதிகாலை மட்டும்.

விஷயத்தைச் சொன்னேன்.
அவனை என் வலப்பக்கம் உட்காரவைத்து
ஹெட்ஃபோன் கிண்ணங்களை வெளிப்புறம் திருப்பி
எங்கள் இரண்டு தலைக்கும் நடுவில் பிடித்தேன்.
அவனுக்கு இடது, எனக்கு வலது.
ஜாஸ் தட்டையே வைத்தேன்.
அவனுக்கு அதெல்லாம் பழக்கமில்லை.

"என்ன கேட்கிறது?"
"யாரோ மாடிப்படி இறங்குகிறார்."
"வேகமாகவா?"
"இல்லை. கை நிறையப் பீங்கானோடு."
கொஞ்ச நேரம் கழித்து,
"நின்றுவிட்டார். எதையோ மறந்துவிட்டார் போல."

என் பக்கம் பாஸ்
சரியாக அந்த இடத்தில்தான் வழிவிட்டது.

கால் தன்பாட்டுக்குத் தட்டத் தொடங்கியது.
கீழே தூங்க ஆளில்லை.